அரைப்பேர்

கல்வி எல்லார்க்கும் பொது என்று முழங்காத மேடை தமிழர் வாழும் நாடு எதிலும் இன்று இல்லை. பிறப்பின் பேரால் கல்வி மறுக்கப்படலாகாது. பெண் என்னும் பேரால் மறுக்கப்படலாகாது. வறுமையின் பேரால் மறுக்கப்படலாகாது. இவற்றுக்காக நம் முன்னோருள் அறிவும் துணிவும் உடையோர் போராடினர். அப்போராட்டத்தின் பயனை நாம் நுகர்கின்றோம். ஆயினும் கல்லூரி வாயிலில் ஏழு படிகளைக் கட்டிவைத்து, அப்படிகளின்மேல் நின்றுகொண்டு, கல்வி எல்லார்க்கும் பொது என்று நாம் பேசும்போது, கீழே சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் மாணாக்கன் அப்பேச்சை எவ்வாறு கேட்பான் என்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. அன்பர்கள் அதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பது பற்றியே இதனை எழுதத் துணிந்தேன்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'அரைப்பேர்' என்றொரு சொல் வழங்கும். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று நிருவாகம் ஓர் அளவு வகுத்திருக்கும். அவ்வளவைக் கொண்டு வராதவருக்கு அன்றைய ஏட்டில் முழுப்பேர் விழாது. பாதிக் கூலிக்குரிய அரைப்பேரே விழும். காலையில் பெரட்டுக்கு வந்து, வெயிலிலும் மழையிலும் மலைச்சரிவில் நின்று, மாலையில் மற்றவரோடு திரும்பியவர்தாம் அவரும். எனினும் ஏட்டின் கணக்கில் அவர் பாதி ஆள். அவ்வளவு யாருடைய கைக்கும் காலுக்கும் ஏற்ப வகுக்கப்பட்டது என்று அந்த ஏடு ஒருநாளும் கேட்பதில்லை. யான் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. பெயரேடு எழுதுதலே என் பிழைப்பு. ஆதலின் பேர் பதிவாதல் வேறு, ஆள் முழு ஆளாக எண்ணப்படுதல் வேறு என்பதனை யான் நூலிற் கற்று அறிய வேண்டியதாயிற்றில்லை. உடற்குறையுடைய மாணாக்கரைக் கல்லூரிகள் இக்காலத்தில் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதில்லை. சேர்த்துக்கொள்கின்றன, கட்டணத்தையும் முழுமையாகவே பெறுகின்றன. அவர்க்கு விழுவது மட்டும் அரைப்பேர்.

இவ்வுண்மையை யான் கண்ணாரக் கண்டது சில ஆண்டுகளுக்கு முன். சிங்கப்பூரின் வடகோடியாகிய உட்லண்ட்ஸில் என் சித்தியின் குடும்பம் வாழ்கின்றது. சிறுவயதில் யான் ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஆங்கிலப் பள்ளியொன்றிற் பயின்றவன். பள்ளி விட்டதும் சித்தி வீட்டிற்றான் உணவு. அவ்வீட்டில் எனக்குத் தம்பி முறையான பையன் ஒருவன் உண்டு. பதினாறாம் வயதில் சாலை விபத்தொன்றில் அவன் முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. மருத்துவமனையினின்று சக்கர நாற்காலியில் திரும்பியவன், ஓராண்டு கழித்துத் தன் தேர்வுகளை எழுதித் தேறிக் கல்லூரியிலும் இடம் பெற்றான். தோட்டத்தில் எனக்கு விடுமுறை வாய்த்த ஒரு நாள், அவனுடன் காலைமுதல் மாலைவரை கூடவே சென்றேன்.

வீட்டிலிருந்து புறப்பட்டபோது எனக்கு வியப்பே மிகுந்தது. சித்தியின் வீடு இருப்பது பழைய அடுக்கு. முற்காலத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நில்லாது. சில மாடிகளில் மட்டுமே நிற்கும். மற்ற மாடியினர் படியேறியே தீர வேண்டும். 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தின் பின்னரே அத்தகைய அடுக்குகளில் மாடிதோறும் மின்தூக்கி நிற்கலாயிற்று. அதனாலன்றோ தம்பி தன் வீட்டு வாயிலிலிருந்து எவர் உதவியுமின்றிக் கீழே இறங்கினான்! கூரையிட்ட நடைபாதை வழியே சென்றோம். பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து சாய்பலகையை விரித்தார்; அவன் ஏறினான். உட்லண்ட்ஸ் தொடருந்து நிலையத்தில் மின்தூக்கி எங்களை மேடைக்கு ஏற்றிவிட்டது. பெட்டிக்குள் அவன் நாற்காலிக்கென ஒதுக்கிய இடம் இருந்தது. இவ்வளவு வழியிலும் அவன் எவரையும் கெஞ்சவில்லை. எவருக்கும் நன்றி கூறிக் கைகூப்பவுமில்லை. மற்றப் பயணிகளைப் போலவே தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

இச்சௌகரியம் வானிலிருந்து விழுந்ததன்று. 1987இல் இத்தீவில் தொடருந்து ஓடத் தொடங்கியபோது நிலையங்களில் சக்கர நாற்காலிக்கு வழியில்லை. மின்தூக்கி வைத்தால் செலவு மிகும் என்று அக்காலத்துப் பொறுப்பாளர் கருதினர். உடற்குறையுடையோர் விடாது கேட்டனர். பின்னர் நிலையந்தோறும் மின்தூக்கி வந்தது. பேருந்துகளில் 2006இல் தொடங்கிய மாற்றம் 2020இல் முழுமை பெற்றது. இன்று பொதுப் பேருந்து அனைத்திலும் சக்கர நாற்காலி ஏறும். புதிதாகக் கட்டும் கட்டடங்கள் தடையற்றனவாக இருத்தல் வேண்டும் என்னும் விதி 1990இல் வந்தது. இவ்வூரிலேதான் 1981இல் உலகின் பல நாடுகளிலிருந்து உடற்குறையுடையோர் கூடித் தமக்கென ஓர் உலக இயக்கம் கண்டனர். அதன் முதல் தலைவராக இருந்தவர் ரான் சந்திரன் டட்லி என்னும் பார்வையற்ற சிங்கப்பூரர். எங்களுக்காகப் பிறர் பேசியது போதும், இனி நாங்களே பேசுவோம் என்பது அவ்வியக்கத்தின் சாரம். தம்பியின் நாற்காலி தொடருந்துக்குள் தடையின்றி உருண்டது அத்தகையோர் பல்லாண்டு பேசியதன் பயன்.

கல்லூரி வாயிலை அடைந்தவுடன் இக்கதை மாறிற்று. கல்லூரி இன்னது என்று கூறுதல் ஈண்டு வேண்டுவதன்று. உட்லண்ட்ஸுக்கு நெடுந்தொலைவில், பழைய கட்டடமொன்றில் இயங்கிய தனியார் கல்லூரி என்பது போதும். முன்வாயிலில் ஏழு படிகள். சாய்தளம் எங்கே என்று கேட்டேன். தம்பி என்னைக் கட்டடத்தைச் சுற்றி அழைத்துச் சென்றான். பின்புறம், உணவுச்சாலையின் குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், சரக்கு இறக்குவதற்காகக் கட்டிய சரிவொன்று இருந்தது. அதுவே அவனுக்கு வாயில். அங்கிருந்து சரக்குத் தூக்கியில் ஏறி, நெடிய தாழ்வாரம் ஒன்றைக் கடந்து வகுப்பை அடைந்தான். அவனுடைய தோழர் முன்வாயிலிலிருந்து வகுப்புக்கு 4 நிமிடத்தில் வந்தனர். அவனுக்கு 19 நிமிடம் ஆயிற்று. நேரங்குறித்தல் என் தொழிற்பழக்கம். ஆதலின் அன்று முழுதும் குறித்தேன்.

வகுப்பறை படிப்படியாக உயரும் இருக்கைகளைக் கொண்டது. அவன் நாற்காலி நின்றது கதவோரத்தில். நண்பர் யாவரும் மேலே வரிசை வரிசையாக அமர்ந்திருக்க, அவன் மட்டும் வந்துபோவோர்க்கு வழிவிட்டுக்கொண்டு கீழே இருந்தான். நண்பகலில் எல்லாரும் உணவுச்சாலைக்கு விரைந்தனர். சரக்குத் தூக்கி அந்நேரம் காய்கறிப் பெட்டிகளுக்கு உரியது. அவன் போய்ச் சேர்வதற்குள் தோழர் உண்டு முடிப்பர். ஆகவே அவன் போவதை விட்டுவிட்டான். சித்தி கட்டிக் கொடுத்த சோற்றை வகுப்பிலேயே தனியாக உண்டான். உடற்குறையுடையோர்க்கெனக் கட்டிய கழிப்பறையொன்று இருந்தது. கதவின்மேல் சக்கர நாற்காலிப் படமும் இருந்தது. ஆனால் அது பூட்டப்பட்டு, உள்ளே வாளிகளும் துடைப்பங்களும் அடுக்கப்பட்டிருந்தன. திறவுகோலை வைத்திருந்தவரைத் தேடுதற்கு ஒரு பாடவேளை போதாது. "நான் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை, அண்ணே, அதனால் தொல்லையில்லை" என்றான் தம்பி. முதுகுத்தண்டு அடிபட்டவர் நீர் குறைத்துக் குடித்தல் சிறுநீரகத்துக்கு எவ்வளவு தீங்கு என்பது மருத்துவர் அறிவர், அவனும் அறிவான்.

அவ்வாண்டு இறுதியில் பரிசளிப்பு விழா நடந்தது. கணக்கியலில் அவனுக்குப் பரிசு. நானும் சித்தியும் சென்றிருந்தோம். மேடைக்குப் படிகள் இருந்தன, சாய்தளம் இல்லை. ஒவ்வொரு மாணாக்கராகப் பெயர் அழைக்க, மேலேறிச் சென்று பரிசு வாங்கினர். அவன் பெயர் வந்தபோது தலைமை விருந்தினர் தாமே கீழே இறங்கி வந்து கொடுத்தார். அவர் நல்லவர், அன்பினாலேயே அவ்வாறு செய்தார். அவையும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டிற்று. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீடு திரும்பும் வழியில் தம்பி கூறினான்: "அண்ணே, முதற்பரிசு வாங்கியவனுக்குக்கூட அவ்வளவு நேரம் கைதட்டவில்லை. நான் மூன்றாவதுதானே?"

அவ்வினாவே என்னைச் சிந்திக்க வைத்தது. அவன் குறைகூறியது கைதட்டுக்கு ஆட்பட்ட தன் நிலையை, கைதட்டினோரின் உள்ளத்தையன்று. மேடையில் ஒரு சாய்தளம் இருந்திருந்தால் அவனும் மேலே சென்று, மூன்றாம் பரிசுக்குரிய கைதட்டைப் பெற்று இறங்கியிருப்பான். அக்கல்லூரியில் அன்பு இல்லாமலில்லை. அது அளவுக்கு மேலேயே இருந்தது. இல்லாதது சில அடி நீளமுள்ள ஒரு பலகை. நம் சமூகம் அந்தப் பலகைக்குப் பதிலாகப் பரிதாபத்தைக் கொடுத்தே பழகிவிட்டது.

நிற்க. இப்பழக்கத்தின் வேர் எங்குளது என்று ஆராய்தல் வேண்டும். குழந்தை கண் தெரியாது பிறந்தால், எந்தப் பிறவியிற் செய்த பாவமோ என்கின்றோம். கால் போனால் தலையெழுத்து என்கின்றோம். தம்பி மருத்துவமனையில் இருந்தபோதே இவ்வாறு கூறிச் சென்ற உறவினர் பலர். எழுத்தை எழுதியவன் மேலேயிருப்பான் என்றால், அதனை அழிக்கக் கீழேயிருப்பவன் கை நீட்டுவது எதற்கு? இக்கொள்கை இளைத்தவனைக் குற்றவாளி ஆக்குகின்றது. வலுத்தவனைப் பொறுப்பினின்று விடுவிக்கின்றது. சாதிக்கும் இதே விளக்கம் கூறப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தலையெழுத்தை நம்புவோர் ஒன்றுக்கு விடை கூறட்டும். இளம்பிள்ளை வாதம் இந்தியாவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் காலை முடக்கிய காலம் ஒன்று இருந்தது. சொட்டு மருந்து ஊர்தோறும், தெருத்தோறும், வீடுதோறும் சென்றது. 2011 ஜனவரிக்குப் பின் அந்நாட்டில் இயற்கைக் கிருமியால் அந்நோய் கண்ட குழந்தை ஒன்றும் இல்லை. 2014இல் உலகச் சுகாதார நிறுவனமும் அதனை உறுதி செய்தது. 2011இன் தொடக்கத்தில் இந்தியக் குழந்தைகளின் முற்பிறவிப் பாவமெல்லாம் ஒருங்கே தீர்ந்துவிட்டதா? அன்றி, எழுதுபவன் தன் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டானா? இரண்டு சொட்டு மருந்துக்குத் தோற்ற விதியை, ஏழு படிகளுக்கு மட்டும் நாம் ஏன் காவலாக நிறுத்த வேண்டும்?

1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கலாகாது என்று தடை இருந்தது. அதனை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பெரியார் சிறை புகுந்ததனை இவ்விதழின் அன்பர்கள் நன்கறிவர். அத்தடைக்குப் பலகையும் காவலும் இருந்தன; ஆகவே எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. படிக்கட்டு அவ்வாறு எதனையும் எழுதிவைப்பதில்லை. யாரையும் விரட்டுவதுமில்லை. வாளா கிடக்கின்றது. ஆயினும் தெரு ஒருவனுக்கு மூடப்பட்டதே. பலகையால் மூடினால் கொடுமை என்றும் படியால் மூடினால் கட்டடக்கலை என்றும் கொள்ளுதல் நீதியாகாது. உடற்குறையுடையோர் உரிமை பற்றி ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற உடன்படிக்கையும் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது: ஒருவரை முடக்குவது அவருடைய உடற்குறை மட்டுமன்று, அக்குறை சுற்றுப்புறத்துத் தடையோடு மோதுவதே அவரை முடக்குகின்றது. இந்தியா 2007இலும், மலேசியா 2010இலும், சிங்கப்பூர் 2013இலும் அதனை உறுதிசெய்துள்ளன.

நம் இலக்கிய வரலாறு உடற்குறையுடைய அறிஞரை அறியாததன்று. பழனியைச் சேர்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர், இளமையிலேயே அம்மையால் கண்ணிழந்தும் பெரும்புலவராய் விளங்கினார். இரட்டைப் புலவரின் கதையைச் சொல்லி மகிழாத தமிழாசிரியர் இல்லை. ஒருவர்க்குக் கண் இல்லை. மற்றவர்க்குக் கால் இல்லை. கண்ணில்லாதவர் காலில்லாதவரைத் தோளிற் சுமக்க, சுமக்கப்பட்டவர் வழிகாட்ட, ஊர்தோறும் சென்று பாடினர் என்பது கதை. நட்புக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லைதான். ஆனால் இக்கதை நமக்கு இத்துணை இனிப்பது ஏன் என்றும் கேட்கலாம். இதில் ஊரார் ஒரு கல்லையும் நகர்த்த வேண்டியதில்லை. குறையுடையவரே குறையுடையவரைச் சுமந்துகொண்டனர். ஊர் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டது. கல்லூரிகளும் இன்று இதனையே எதிர்பார்க்கின்றன. நான்கு தோழர் நாற்காலியோடு தூக்கிச் செல்வர் என்கின்றன. தோழர் தூக்கத்தான் செய்வர். ஆயின் மூன்றாண்டு நாள்தோறும் பிறர் கையில் ஏறி இறங்க வேண்டியவன், அவர்களோடு ஒருநாளாவது மனம்விட்டுச் சண்டையிட முடியுமோ?

உலகில் இம்மாற்றத்தைச் செய்தவர் பெரும்பாலும் மாணாக்கரே. அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்பவர் பதினான்காம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழ் செயலற்றவர். மூச்சுவிடவும் இயந்திரத் துணை வேண்டியிருந்தது. அவர் 1962இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தபோது விடுதியில் அவர்க்கேற்ற இடமில்லை. பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒரு பகுதியிலேயே தங்கிப் பயின்றார். அவரைப் போன்ற வேறு சிலரும் அங்கு வந்தனர். நோயாளிகளாக அல்ல, மாணாக்கராகவே நாங்கள் நடத்தப்படவேண்டும் என்று அவர்கள் கேட்டனர். 1970இல் அப்பல்கலைக்கழகத்தில் உடற்குறையுடைய மாணாக்கருக்கென, அவர்களாலேயே நடத்தப்பெற்ற உதவித் திட்டம் ஒன்று தோன்றிற்று. வேலைக்குத் தகாதவர் என்று முன்பு அவரைக் கருதிய மாநிலத் துறைக்கே ராபர்ட்ஸ் 1975இல் தலைவரானார். எகிப்தில் சிறுவயதிலேயே பார்வையிழந்த தாஹா ஹுசைன் பேராசிரியராகி, 1950இல் கல்வி அமைச்சருமாகிப் பள்ளிக் கல்வியை இலவசமாக்குவதற்கு உழைத்தார். கதவு திறந்தால் உள்ளே வருபவன் தனக்கு மட்டும் பயன்படுவதில்லை.

தமிழகத்தின் நிலை பற்றியும் சில கூறுவன் உண்டு. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கும் செவிப்புலனற்றோர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் தோன்றின. ஆனால் பள்ளி முடித்தவர் கல்லூரி செல்ல நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் செவிப்புலனற்றோர்க்கெனத் தனிப் பட்டவகுப்புகள் 2007இல் தொடங்கின. 2016இல் இந்தியா இயற்றிய சட்டம், அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் நூற்றுக்கு 5 இடம் அவர்க்கு ஒதுக்குதல் வேண்டும் என்கின்றது; முன்னிருந்த சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைகளை 21 வகையாக விரித்தது. சட்டம் நன்று. எனினும் இடஒதுக்கீடு ஏட்டிற் பேர் எழுதும். வகுப்பறைக் கதவின் அகலத்தை அது கூட்டாது.

தமிழகத்தில் 'மாற்றுத்திறனாளி' என்று பெயர் மாற்றியதும் வரவேற்கத்தக்கதே. நொண்டி, குருடு, செவிடு என்னும் சொற்கள் வசையாகவே வழங்கிய மொழியில் மதிப்புள்ள சொல் ஒன்று வேண்டத்தான் செய்தது. ஆனால் புதுப்பெயர் எழுதிய அறிவிப்புப் பலகையைப் பழைய படிக்கட்டின் உச்சியில் மாட்டுவோமாயின் அதனை அருகிற் சென்று படிப்பவர் யார்?

இதுவரை கூறியது காலைப் பற்றி. கண்ணுக்குத் தெரியாத குறைகள் இதனினும் மிகுதியான அரைப்பேர் பெறுகின்றன. செவிப்புலன் குறைந்த மாணாக்கி ஆசிரியரின் உதட்டசைவைக் கண்டு பாடத்தைப் பின்பற்றுவாள். ஆசிரியரோ கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். பார்வையற்ற மாணாக்கன் கணினியின் திரைவாசிப்பான் மென்பொருளால் பாடக்குறிப்பைக் கேட்பான், என்.வி.டி.ஏ. என்னும் அத்தகைய மென்பொருள் விலையின்றியே கிடைக்கின்றது. ஆனால் கல்லூரி தரும் குறிப்போ நூலின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியதாக இருக்கும். படத்தை மென்பொருள் வாசியாது. தமிழ்க் குறிப்பாயின் மற்றுமொரு தொல்லை: ஒருங்குறியில் அன்றிப் பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டிருப்பர், அதனை வாசிப்பான் பொருளற்ற ஒலியாக உளறும். எழுத்துகளை விரைந்து பிரித்தறிய இயலாத டிஸ்லெக்சியா உடையவனைச் சோம்பேறி என்பர். இவர்க்கெல்லாம் சாய்தளம் பயன்படாது. ஒரு நாள் முன்னதாகத் தரும் நல்ல குறிப்பு பயன்படும். அதற்குச் சிமெண்டும் வேண்டா, செங்கல்லும் வேண்டா.

இனி, எழும் ஆட்சேபங்களை நோக்குவோம். முதலாவது, தரம் குறையும் என்பது. தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தால் மற்றவர்க்கு அநீதி என்கின்றனர். தேர்வு அளக்க விரும்புவது எதனை? வரலாற்றறிவை என்றால், கையின் வேகத்தை அளந்துவிட்டு அதனை வரலாற்றறிவு என்று கூறுதலே அநீதி. கைநரம்பு இழுத்தலால் எழுத இயலாத ஒருவர்க்குத் தேர்வெழுத எழுத்தர் மறுக்கப்பட்ட வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 2021இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. சட்டம் குறித்த அளவுக்குக் குறை எட்டவில்லை என்பதனால் ஒருவர்க்குத் தக்க வசதியை மறுத்தலாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இரண்டாவது, செலவு. கட்டி முடித்த கட்டடத்தை இடித்துத் திருத்தல் பெருஞ்செலவே, ஐயமில்லை. அதனாலேயே வரைபடத்தில் எண்ணுதல் வேண்டும் என்கின்றோம். இவ்வுட்லண்ட்ஸிலேயே இதற்குச் சான்று உண்டு. 2002இல் தோன்றிப் பின் இங்கு நிலைபெற்ற ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியின் வளாகத்தை வரைந்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஃபுமிஹிகோ மாகி. பாடக் கட்டடங்கள் 11ஐயும் அகன்ற பொதுத் தளத்தால் அவர் ஒன்றாக இணைத்தார். ஒரு கட்டடத்தினின்று இன்னொன்றுக்குச் செல்ல வெளியே இறங்கி ஏறவேண்டுவதில்லை. அத்தளத்தை எல்லாரும் பயன்படுத்துகின்றனர். எவரும் தமக்கெனத் தனிவழி தேடுவதில்லை. நல்ல ஏற்பாடு என்பது இதுவே. சாய்தளத்தில் நாற்காலி மட்டுமா செல்கின்றது? நூல்வண்டியும், மூப்பெய்திய பேராசிரியரும், கருவுற்ற ஆசிரியையும் அதிலேதான் செல்கின்றனர்.

மூன்றாவது ஆட்சேபம் மிகப் பழையது: எங்கள் கல்லூரியில் அத்தகையோர் ஒருவரும் இல்லையே, யாருக்காகக் கட்டுவது என்பது. 1924இல் கடற்பாலம் திறக்கப்படுமுன் ஜொகூரிலிருந்து உட்லண்ட்ஸுக்கு நடந்து வந்தவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை. நடப்பார் இல்லாத நீரிணைக்குப் பாலம் எதற்கு என்று அன்று எவரும் கேட்டிலர். இன்று உலகில் மக்கள் மிகுதியாகக் கடக்கும் எல்லை வழிகளுள் அதுவும் ஒன்று. வழியின்மையால் வாராதவரைக் காட்டி, வாராமையால் வழி வேண்டா என்றல் எந்த ஏரணத்தைச் சேர்ந்தது?

செய்யவேண்டுவன பெரியனவல்ல. முன்வாயிலே எல்லார்க்கும் வாயிலாதல் வேண்டும். பின்வாயில் சரக்குக்கு இருக்கட்டும். உடற்குறையுடையோர்க்குரிய கழிப்பறையை ஒருபோதும் பூட்டலாகாது. மேடை உள்ள மண்டபம் எதற்கும் சாய்தளம் வேண்டும். பாடக்குறிப்பு மென்பொருள் வாசிக்கத்தக்க வடிவில் முன்கூட்டியே வரவேண்டும். தீ ஒத்திகை நடத்தும்போது மின்தூக்கியை நிறுத்திவிட்டு எல்லாரும் படியிறங்குகின்றனர். நாற்காலியில் இருப்பவனைக் கீழே கொண்டுவரும் பொறுப்பு யாருடையது என்று எழுதிவைத்தல் வேண்டும். சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் 2014 முதல் சிறப்புத் தேவையுடையோர்க்கு உதவும் அலுவலகங்கள் ஏற்பட்டுள்ளன. அத்தகைய அலுவலகம் தனியார் கல்லூரிக்கும், கடற்பாலத்துக்கு அப்பாலுள்ள எங்கள் ஜொகூர்க் கல்லூரிகளுக்கும் வேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, எதனைக் கட்டுமுன்னும் அதனைப் பயன்படுத்தப்போகும் மாணாக்கரை அழைத்துக் கேட்டல் வேண்டும். அளவு வகுப்போர் மேசையில் அவர் அமர்ந்தாலன்றி அரைப்பேர் ஒழியாது.

கல்லூரியை மட்டும் குறைகூறிவிட்டு நம் வீட்டை மறத்தல் தகாது. பள்ளிக்குச் செல்லாத பிள்ளை கல்லூரி வாயிலுக்கு வருவதெங்ஙனம்? உடற்குறையுடைய பிள்ளையை விருந்தினர் வரும்போது உள்ளறையில் இருத்தும் வீடுகள் நம்மிடையே இன்னும் உள. தங்கைக்கு மணம் நிகழாது என்று அண்ணனை மறைக்கின்றோம். சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தபோதும், சிறப்புத் தேவையுடைய குழந்தைகள் அதன்கீழ் வந்தது 2019இலேதான். அரசு நிறுத்திய விலக்கை நம் வீடுகள் நிறுத்தினவா என்று ஒவ்வொருவரும் தம் உறவினர் வட்டத்தை எண்ணிப் பார்க்கட்டும்.

தமிழ் முரசு கண்ட கோ. சாரங்கபாணி 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியதனை இங்கு நினைவூட்டுவது பொருந்தும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்த மக்கள் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். 1956இல் அப்பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைந்தது. கொடுத்தவருள் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாயிலை மிதித்ததுமில்லை. மிதிக்கப்போவதுமில்லை என்பதும் அவர்க்குத் தெரியும். தமக்குப் பின் வருவோர் அவ்வாயிலில் நுழையும்போது தம் மொழி வெளியே நிற்கலாகாது என்று எண்ணியே கொடுத்தனர். என் தோட்டத்து ஏட்டிலுள்ள பெயர்களின் பாட்டன்மாரும் அக்கொடையாளருள் இருந்திருப்பர். அத்தகையோரின் வழிவந்த நாம், நம் பிள்ளைகளுள் சிலர் அதே வாயிலின் வெளியே நிற்பதனைக் கண்டும் காணாதிருத்தல் ஆகாது.

தம்பி அக்கல்லூரியில் மூன்றாண்டும் பயின்று தேறினான். இன்று ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகின்றான். அவன் தேறினான் என்பதனால் அக்கல்லூரி நல்லதாயிற்று என்று கூறுவோர் உண்டு. அவனோடு சேர்ந்து, முதலாண்டிலேயே நின்றுவிட்ட இன்னொரு நாற்காலிக்காரப் பெண்ணைப் பற்றி அவர் கேட்பதில்லை. வென்றவனைக் காட்டித் தடையைப் போற்றுதல் நம்மிடமுள்ள பெரும்பிழை.

ஆண்டுதோறும் சேர்க்கைக் காலத்தில் கல்லூரிகள் தம் கதவைத் திறந்து பெற்றோரை வரவேற்கின்றன. ஆய்வுக்கூடம் எவ்வாறு, விடுதி எவ்வாறு, வேலை கிடைக்குமா என்று நாம் கேட்கின்றோம். அவற்றோடு, சக்கர நாற்காலி இந்த முன்வாயிலில் நுழையுமா, பார்வையற்றவர் உங்கள் குறிப்பைப் படிக்க முடியுமா, அந்தக் கழிப்பறையின் கதவைத் திறந்து காட்டுவீர்களா என்றும் கேட்போமாக. உடற்குறையில்லாத பிள்ளையைப் பெற்றோரும் கேட்கட்டும். அவர் எண்ணிக்கையே மிகுதி. கல்லூரி அஞ்சுவதும் அவ்வெண்ணிக்கைக்கே. நூறு பெற்றோர் கேட்டால் அடுத்த ஆண்டுக்குள் சாய்தளம் வரும். ஒரு மாணாக்கன் தனியே நின்று கேட்டால் அவனுக்கு அனுதாபம்தான் வரும்.